பெரிய பம்ப், அதே டேங்க்

ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் நாம் எல்லாரும் வாசலைப் பார்ப்போம், தரையைப் பார்ப்போம். அவள் அண்ணாந்து பார்ப்பாள். கூரையில் ஓடும் சிவப்புக் குழாய், அதிலிருந்து தொங்கும், நெருப்புச் சூடு பட்டால் தானே திறந்து தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் மூக்குகள், ஒரு மூக்குக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, கீழே அடுக்கியிருக்கும் சாமான் எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் இரண்டாவது அடியை எடுத்து வைப்பாள். துணிக்கடைக்குப் போனாலும் இதே கதைதான். அண்ணி துணியைப் புரட்டிக்கொண்டிருக்க, இவள் கடைக்காரரிடம், "அண்ணே, உங்க தண்ணித் தொட்டி எங்க இருக்கு?" என்று கேட்பாள். அவர் பாவம், கழிப்பறைக்கு வழி காட்டுவார்.

குழாய் வேலை செய்யும் ஃபிட்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் பம்பக்கா. வீட்டில் அவள் இன்னும் பாப்பா. தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அண்ணன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். தங்கையின் வேலை என்னவென்று கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லாத நாள் கிடையாது. பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தவர் நெருப்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார்.

அண்ணனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தம்ளர்களை நகர்த்தி நகர்த்திச் சொன்னாள்.

"எத்தனை மாடின்னு நான் முதல்ல கேக்க மாட்டேண்ணா. உள்ள என்ன எரியும்னுதான் கேப்பேன். பேப்பர்னா ஒரு மாதிரி, துணின்னா ஒரு மாதிரி, பெயிண்ட்டுன்னா வேற மாதிரி. அத வச்சுத்தான் ஒரே சமயத்துல எத்தனை மூக்கு திறக்கும், ஒவ்வொண்ணும் எவ்வளவு கொட்டணும், எவ்வளவு நேரம் கொட்டணும்னு முடிவு பண்றது. மூணையும் பெருக்கினா டேங்க். அந்தத் தண்ணிய உச்சி மாடியோட கடைசி மூக்கு வரைக்கும் தள்ளறதுக்குப் பம்ப்."

"மேல ஏறும்போது தண்ணிக்கு மூச்சு வாங்குமே, அதையும் சேர்த்தா?"

"அதையும் சேர்த்து. வழியில குழாய்ச் சுவர்ல உரசறதையும் சேர்த்து."

"அப்ப பெரிய பம்பா வாங்கிட்டா வேலை முடிஞ்சது."

"அதத்தான் எல்லாரும் நினைக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர்க் கணக்குப் போட்டது அவள். கட்டட வரைபடம் அவர்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, கீழே கடைகள், நடு மாடிகளில் அலுவலகங்கள், நான்காம் மாடியில் தையல் கூடம் என்று இருந்தது. தையல் கூடத்தையே மோசமான இடமாக வைத்துக் கணக்கிட்டாள். நிலத்தடியில் ஒரு டேங்க், பக்கத்து அறையில் ஒரு பம்ப். நெருப்பு பிடித்தால் ஒரு மணி நேரம் விடாமல் கொட்டும். தீயணைப்பு வண்டி அதற்குள் வந்துவிடும். கணக்கில் ஓட்டை கிடையாது. அந்தத் தையல் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அண்ணியைப் போகச் சொன்னவளும் அவள்தான். தான் கணக்குப் போட்ட கூரைக்குக் கீழே அண்ணி உட்கார்ந்து தைப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

வருடா வருடம் பம்பைச் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்த வருடம் போனபோதும் பம்ப் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. உச்சி மாடியில் அழுத்தம் பார்ப்பதற்காகப் படியேறினாள். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது ஒரு வாடை. புது மெத்தையைப் பிரித்தால் அடிக்குமே, அந்த வாடை.

கதவு திறந்துதான் இருந்தது. மேசையும் நாற்காலியும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஃபோம் அடுக்கியிருந்தது. சுருட்டியது, தகடு தகடாக அடுக்கியது, துண்டு போட்டது. கூரை வரைக்கும் இடம் இல்லை. ஸ்பிரிங்க்ளர் மூக்குகள் ஃபோமுக்குள் புதைந்திருந்தன. நடுவில் கொஞ்சம் வெறுந்தரை. அங்கே ஒருவர் நின்றுகொண்டு, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பியால் ஃபோமை வெட்டிக்கொண்டிருந்தார். கம்பி சிவந்திருந்தது. கரண்டில் சூடேற்றிய கம்பி. ஒரு சத்தமும் இல்லாமல் ஃபோமுக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் மெல்லிய புகை ஒன்று எழுந்து மறைந்தது.

"என்னம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார்.

"யாரையும் இல்லண்ணே" என்றாள். அந்த மாடிக்கு அவள் வைத்த மூக்கு அவருடைய தலைக்கு மேலே ஒரு மெத்தைச் சுருளுக்குள் இருந்தது.

மேலிருந்து தையல் மெஷின்களின் சத்தம் கூரை வழியாகக் கேட்டது. அதில் ஒன்று அண்ணியுடையது.

கட்டட முதலாளி நல்ல மனிதர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"என்ன மேடம், டெஸ்ட் பாஸ்தானே?"

"பம்ப் பாஸ் சார். கட்டடம்தான் பாஸ் ஆகல."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

"மூணாம் மாடியில ஆபீஸ்னு போட்டிருந்தீங்க. இப்ப ஃபோம் குடோன். நான் வச்ச தண்ணி துணிக்கு. இது பத்திக்கிட்டா ஒரு மூக்கு ரெண்டு மூக்கு திறக்காது. மொத்த மாடியும் திறக்கும். எல்லாத்துக்கும் பங்கு போட்டா ஒண்ணுக்கும் போதாது. புகையோ நேரா மேல போகும். மேல அத்தனை பொண்ணுங்க இருக்காங்க."

"ரெண்டே மாசம் மேடம். குடோன்காரரு வேற இடம் பாத்துக்கிட்டிருக்காரு. அதுக்குள்ள எதுவும் ஆயிடாது."

அவள் சான்று கொடுக்கவில்லை. அலுவலகத்தில் அவளுடைய மேலாளர், "நம்ம கணக்கு சரியா இருக்கு, நம்ம மேல தப்பு வராது" என்றார். அது உண்மைதான். கணக்கு சரியாகவே இருந்தது. அந்தக் கணக்குக்குரிய கட்டடம்தான் இப்போது அங்கே இல்லை.

வீட்டில் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளையில இருந்து போக வேணாம்ங்கிற."

"ஆமா அண்ணி."

"சரி. நான் நின்னுட்டேன்னு வை. மறுநாளே என் மெஷின்ல வேற ஒருத்தி வந்து உக்காருவா. அவளுக்கு ஒரு நாத்தனார் இருக்க மாட்டா, வந்து சொல்றதுக்கு. அவ எரிஞ்சா பரவாயில்லையா?"

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பூட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"படிச்சவதானே நீ? போறவள நிறுத்தறத விட்டுட்டு, இருக்கிறத எடுக்க வை" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்ப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நெருங்கி வந்து, கடைசியில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அண்ணி காலையில் செருப்பு மாட்டும்போது இவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் கையில் இருக்கிற வேலை ஓடும். முதலாளிக்கு எழுதிப் பார்த்தாள், போனில் பேசிப் பார்த்தாள், நேரில் போய் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவர் காபி வரவழைத்தார்.

பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு குதூகலம்.

"மேடம், உடனே வந்து பாருங்க. நீங்க சொன்னத நான் எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டேன்னு உங்களுக்கே தெரியும்."

ஃபோமை எடுத்துவிட்டார் என்று நினைத்து ஸ்கூட்டரைப் பறக்கவிட்டுக்கொண்டு போனாள். அவர் நேராகப் பம்ப் அறைக்கு அழைத்துப் போனார்.

பழைய பம்ப் மூலையில் கிடந்தது. அது இருந்த மேடையை உடைத்துப் பெரிதாக்கி, அதன்மேல் புதுப் பம்ப் ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். கன்றுக்குட்டி அளவு இருந்தது. சிவப்புப் பெயிண்ட்டில் முகம் தெரிந்தது. சொந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வந்தவர் போல முதலாளி அதைத் தட்டிக் கொடுத்தார்.

"பழசு மாதிரி ரெண்டு மடங்கு. இனிமே ஃபோம் என்ன, பெட்ரோலே வச்சாலும் கவலை இல்ல. என்ன சொல்றீங்க?"

அவள் பம்புக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். டேங்கிலிருந்து தண்ணீரை இழுக்கிற குழாய் பழையதுதான். அதே பருமன். அதன் வாயை மட்டும் ஒரு கூம்பு வைத்து விரித்துப் புதுப் பம்பில் மாட்டியிருந்தார்கள். டேங்க்கும் அதே டேங்க்.

"முள்ளப் பாருங்க மேடம்!" முதலாளி பம்பை ஓடவிட்டார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் விர்ரென்று ஏறி, வலது ஓரத்தில் போய் நின்றது.

"வால்வு மூடியிருக்கு சார். தண்ணி எங்கயும் போகாம நின்னா முள்ளு ஏறத்தான் செய்யும்."

"ஏறுதா இல்லையா?"

"ஏறுது."

"அப்புறம் என்ன?"

அன்று அவள் மாடி ஏறியபோது, மூன்றாம் மாடியில் இடம் போதாமல் ஃபோம் படிக்கட்டுத் திருப்பத்துக்கே வந்துவிட்டிருந்தது. பெரிய பம்ப் வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று குடோன்காரர் இன்னும் இரண்டு லோடு இறக்கியிருந்தார். தையல் கூடத்துப் பெண்கள் அதில் உடம்பை உரசிக்கொண்டுதான் ஏற வேண்டும். அவர்களுக்கு வேறு படிக்கட்டு இல்லை.

"உனக்காக அவரு பம்பையே மாத்திட்டாரு தெரியுமா?" என்று அண்ணி வீட்டில் சொன்னாள். "கூடத்துல எல்லாரும் உன் பேச்சுதான். என் நாத்தனார்னு சொல்லிக்கிட்டேன்."

"அண்ணி, அது முன்னத்தைவிட மோசம்."

"பெருசு எப்படி மோசமாகும்?"

"டேங்க்ல இருக்கிற தண்ணி அதேதான். இது ரெண்டு மடங்கு வேகத்துல குடிக்கும். சீக்கிரம் தீந்துடும். அதுவும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்காது. சின்ன ஸ்ட்ராவ வச்சுப் பெரிய ஆளு உறிஞ்சினா என்ன ஆகும்? காத்துதான் வரும். காத்து உள்ள போச்சுன்னா பம்ப் சும்மா சுத்தும். தண்ணி தள்ளாது."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "இத ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். முள்ளப் பாருங்கறார்."

பம்பைச் சோதிக்கும்போது வெளியே வரும் தண்ணீரைத் திரும்ப டேங்கிலேயே விடுவதுதான் வழக்கம். எடுப்பதும் ஊற்றுவதும் அதே இடத்தில் நடப்பதால் டேங்க் குறையவே குறையாது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நிறைந்தே இருக்கும். பம்ப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அழகாக ஓடும். இத்தனை வருடமும் முதலாளி பார்த்துப் பழகியது அதைத்தான்.

அவள் முதலாளியிடம் போய், புதுப் பம்புக்குச் சான்று வேண்டுமானால் முழுச் சோதனை செய்ய வேண்டும், இந்தத் தடவை தண்ணீரை வெளியே விடப் போகிறேன் என்றாள்.

"விடுங்க. நல்லா விடுங்க."

"சோதனை நடக்கறப்ப மேல யாரும் இருக்கக் கூடாது. டேங்க் காலியாயிட்டா மறுபடி நிரம்பற வரைக்கும் யாரும் ஏறவும் கூடாது. அது விதி."

"ஒரு மணி நேரம் ஓடும்னு எழுதிக் குடுத்தது நீங்கதான் மேடம்" என்று அவர் சிரித்தார். "காலியானா நானே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பறேன். போதுமா?"

சோதனை அன்று தையல் கூடத்துப் பெண்கள் எல்லாரும் கீழே வந்து தெருவோரத்தில் நின்றார்கள். கம்பியால் ஃபோம் வெட்டுகிறவரும் வந்து நின்றார். தைத்த உருப்படிக்குத்தான் பெண்களுக்குக் கூலி; நிற்கிற நேரத்துக்குக் கிடையாது. அதனால் முணுமுணுப்பு இருந்தது. ஒருத்தி அண்ணியைப் பார்த்து, "உன் நாத்தனாருக்குத் தண்ணி விளையாட்டா?" என்று கேட்டாள். அண்ணி பம்ப் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிட்டர் டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றிச் சாக்கடைப் பக்கம் திருப்பிக் கட்டினார்.

"பம்பக்கா, நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா? இம்புட்டுத் தண்ணியும் சாக்கடைக்குப் போனா ஜனங்க உங்களத் தூக்கி உள்ள போடுவாங்க."

"வால்வத் திறங்கண்ணே."

திறந்தார். பம்ப் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் மரக்கட்டை போலப் பாய்ந்து எதிர்ப்பக்கச் சுவரில் அறைந்தது. பெண்கள் அலறிக்கொண்டு விலகிச் சிரித்தார்கள். முதலாளி கைதட்டினார். "பாத்தீங்களா? பாத்தீங்களா?"

அவள் டேங்கின் மூடியைத் திறந்து வைத்து, அவரைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. சுவரில் ஈரக்கோடு வளர்ந்துகொண்டே போனது. ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டேங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தண்ணீரின் மேல் ஒரு குழி விழுந்தது. குழாய் வாய்க்கு நேர் மேலே, புனல் மாதிரி சுழன்றது. பம்ப் அறைக்குள்ளிருந்து, யாரோ தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். சுவரில் அறைந்துகொண்டிருந்த தண்ணீர் தளர்ந்து, துப்பி, இருமி, கடைசியில் ஒரு சின்ன வாளிக்குக் காணும் அளவில் வடிந்தது. பம்ப் மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கேஜில் முள் இடது ஓரத்தில் துடித்தது.

ஃபிட்டர் ஓடிப்போய் நிறுத்தினார். ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. டேங்கின் அடியில் இன்னும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. அதை எடுக்கத்தான் வழி இல்லை.

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணாடியில் வெள்ளை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி மெதுவாகக் கேட்டார். "இப்ப மேல எரிஞ்சிட்டிருந்தா?"

"இப்பத்தான் சார் நல்லாப் பிடிச்சிருக்கும்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி. டேங்கர் லாரிக்குச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள நிரப்பிடலாம். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, நிரம்பினதும் வந்து வேலையப் பாக்கட்டும்."

அப்போதுதான் அண்ணி முன்னால் வந்தாள். இத்தனை நாளும் முதலாளி எதிரே நிமிர்ந்து பேசியறியாதவள்.

"தண்ணி ஏறட்டும் சார். முதல்ல அது இறங்கட்டும்."

"எது?"

"மூணாம் மாடியில இருக்கிறது. அது இறங்கினாத்தான் நாங்க ஏறுவோம்." திரும்பிப் பார்த்தாள். "என்னடி, ஏறப் போறீங்களா?"

ஒருத்தியும் அசையவில்லை. விளையாட்டா என்று கேட்டவள் கடைப் படியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு எல்லாரும். ஃபோம் வெட்டுகிறவர் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார்.

முதலாளி போனை எடுத்துக் குடோன்காரரிடம் பேசினார். அவர் வாயில் மரியாதை இல்லாத ஒரு சொல் வந்து அன்றுதான் கேட்டார்கள்.

மதியத்துக்கு மேல் லாரி வந்தது. சுருள் சுருளாக ஃபோம் இறங்கியது. வெள்ளை விலக விலக ஜன்னலுக்குள் வெறும் இருட்டு தெரிந்தது. பெண்கள் எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு பார்த்திருந்தார்கள். அண்ணி இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கூலி போச்சு" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"போகட்டும்." இவள் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

லாரியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் டிரைவர். இவள் அருகில் போனாள்.

"அண்ணே, இதெல்லாம் எங்க போகுது?"

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பழைய பில்டிங் இருக்கும்மா. கீழ் ரூம் காலியா இருக்காம். அங்க இறக்கச் சொல்லிட்டாரு."

"மேல?"

"மேல என்ன?"

"மேல மாடியில என்ன இருக்கு?"

டிரைவர் கயிற்றை முடிச்சுப் போட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "ஏதோ பிள்ளைங்க ஹாஸ்டல்னாங்க. எனக்கென்னம்மா, கீழ் ரூம்ல இறக்கிட்டா மாடி ஏற வேண்டியதில்ல. அதுவே பெரிய புண்ணியம்."

"அங்க தண்ணி டேங்க் எவ்வளவு பெருசுன்னு தெரியுமா?"

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "குடிக்கத் தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லாரியில் ஏறினார்.

லாரி நகர்ந்தது. முதலாளி தன் கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

"எங்க போற?" என்றாள் அண்ணி.

அவள் லாரியைக் காட்டினாள். அண்ணி ஒரு நிமிடம் லாரியைப் பார்த்தாள். பிறகு பின்னால் ஏறி, இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தைத் தெருவில் நெரிசல். தார்ப்பாய்க்குக் கீழே பிதுங்கி நின்ற வெள்ளை, பள்ளம் மேட்டுக்கெல்லாம் குலுங்கிக் குலுங்கிப் போனது. அதைக் கண்ணிலிருந்து விடாமல், லாரி திரும்பிய சந்திலெல்லாம் இவளும் திரும்பினாள்.